பாகம் பிரியும் வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டிய வீட்டைப் பிரித்துப் பார்த்தவர்களைக் கேட்டால், இவ்விரண்டையும்விட அதுவே கடினம் என்பார்கள். நிலத்தை அளந்து வரப்புப் போடலாம்; நகையை நிறுத்துக் கொடுக்கலாம். ஆனால் ஒரு வாயில், ஒரு முற்றம், ஒரு கிணறு உள்ள வீட்டை மூன்று பேருக்கு எப்படிப் பங்கிடுவது? பாட்டனார் கட்டிய வீட்டைப் பேரர்கள் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றிக்கொள்ள விரும்பினால், எவற்றை முதலில் எண்ண வேண்டும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

இக்கேள்விக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் வியந்து பேசுவார்கள். அவ்வீட்டின் அமைப்போ அவற்றினும் வியப்புக்குரியது. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகளோ மணமான ஒவ்வொரு மகனுக்கும் உரியவை. மணமாகிச் சில காலத்தில் இளந்தம்பதியரை 'வேறு வைத்தல்' என்னும் வழக்கப்படி தனியே சமைத்து உண்ணச் செய்வர். அவர்கள் ஒரு 'புள்ளி' ஆகிவிடுவர். கூரை ஒன்று, அடுப்புப் பல. அதாவது, பிரிவினை வரப்போகிறது என்பதை அறிந்தே அவ்வீட்டைக் கட்டினார்கள்.

ஆயினும் அந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் பங்காளிகள் பெருகினர். பலர் வெளியூர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் குடியேறினர். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் அத்தனை பேரும் இசைய வேண்டும். பொதுச்செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை இல்லாத வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாயின. அவற்றின் நிலைக்கதவுகளும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அறைகளைப் பிரித்தது வீட்டைக் கெடுக்கவில்லை; பொதுவாக நின்ற பகுதியைப் பேண ஒரு முறை வகுக்காததே கெடுத்தது. இப்பாடத்தை மறவாமல் மேலே செல்வோம்.

முதலாவது, பங்குதாரர் யார் யார் என்பது தெளிவாக வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பத்தார் முழுவதும் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரிந்துகொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது அது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவையே நீக்கிவிட்டது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989லேயே, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமாகாத பெண்களுக்கு வழங்கியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மணமான மகளுக்கும் அதை அளித்தது. ஆகவே சகோதரியைக் கேளாமல் சுவர் எழுப்புகிறவர், பின்னாளில் வழக்குக்கே அடித்தளம் இடுகிறார்.

சட்டத்துக்கு உட்படாத இடங்களும் உண்டு. கொல்லிமலை 14 நாடுகளாக வகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று பெரக்கரை நாடு. அங்கு வாழும் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். மத்திய அரசு தனியே அறிவிக்கை செய்தாலன்றி, மேற்சொன்ன வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவு கூறுகிறது. பழங்குடிப் பெண்களுக்கும் சம உரிமை கிடைக்க வழி செய்வதைப் பரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. எனவே பெரக்கரை நாட்டில் ஒரு வீடு பிரியும்போது, மகளின் பங்கு பெரும்பாலும் குடும்பத்தாரின் நியாய உணர்வையே நம்பி நிற்கிறது. அங்கே எழுத்தில் உடன்பாடு செய்துகொள்வது இரட்டிப்பு அவசியம்.

இரண்டாவது, பிரிக்கவே முடியாத வீடும் உண்டு. சிறு வீட்டை நான்காக்கினால் நால்வருக்கும் பயன்படாது. 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்குடையோர் கேட்டால், நீதிமன்றம் வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிட ஆணையிடலாம். மற்றப் பங்காளி மதிப்பின்படி அப்பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம். குடும்ப வீட்டின் பங்கை வாங்கிய அயலார் பாகம் கேட்டு வழக்கிட்டால், அவர் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையும் குடும்பத்தாருக்கு உண்டு.

மூன்றாவது, வீட்டின் உடலமைப்பு. பழைய வீடுகளில் சுவரே பாரம் தாங்கும். இக்காலக் கட்டடம்போல் கான்கிரீட் தூண் தாங்குவதில்லை. அறையைப் பெரிதாக்கச் சுவரை இடித்தால், மேலுள்ள மச்சு சாயும். பொறியாளரைக் கலந்து, தக்க உத்தரம் கொடுத்த பின்னரே திறப்பு வைக்க வேண்டும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தளத்தில் குளியலறை அமைப்பது கூடாது. ஈரம் இறங்கினால் சுவருக்குள் புதைந்த மர நுனிகள் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். சமையலறைகளும் குளியலறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவோ, முதுகோடு முதுகாகவோ அமையட்டும். குழாய்கள் ஒரே வழியில் இறங்கும். இரு குடியிருப்புக்கும் இடையேயுள்ள சுவர் கூரை ஓடுவரை எழும்ப வேண்டும். பாதியில் நின்றால் ஓசையும் புகையும் நெருப்பும் பங்காளி வீட்டுக்குப் போகும். முற்றத்தை மூடி ஓர் அறையாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முற்றமே அவ்வீட்டின் மூச்சு. அதை மூடினால் சுற்றியுள்ள அறைகள் அனைத்தும் இருளும். கட்டட மாற்றத்துக்கு உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியும், ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி மின் இணைப்பும் வேண்டும்.

நான்காவதாக, பத்திரம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாக வேண்டும். அதில் யாருக்கு எந்த அறை என்பதோடு நின்றுவிடக் கூடாது. மனையில் பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு, கிணறு யாருடையது, மாடிப்படியை யார் சீர்செய்வது, மொட்டை மாடியில் துணி உலர்த்தும் உரிமை யாருக்கு, கழிவுநீர் எவ்வழி செல்லும், பொதுச்செலவை எவ்விகிதத்தில் ஏற்பது என்பனவும் எழுதப்பட வேண்டும். வரைபடம் ஒன்றையும் இணைத்தல் நலம். அற்பமாகத் தோன்றும் இவையே அண்ணன் தம்பியரை நீதிமன்றப் படியேற்றுகின்றன.

கொல்லிமலையின் 14 நாடுகளும் தனித்தனி எல்லை உடையவை. ஆனால் ஆடிப் பெருக்கு வந்தால் மலைமக்கள் வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலில் ஒன்றுகூடுகின்றனர். எல்லை இருப்பதால் உறவு முறிவதில்லை. வீட்டைப் பிரிப்போரும் இதையே கருத்தில் கொள்ளலாம். தனக்கு உரியது எது என்று அளப்பதற்கு முன், எல்லோருக்கும் பொதுவாக நிற்க வேண்டியது எது என்று உட்கார்ந்து பேசுங்கள். அதை முதலில் எழுதுங்கள். பிறகு சுவர் எழுப்பலாம்; அச்சுவர் வீட்டை மட்டுமே பிரிக்கும்.