வாழைக் கறையும் அலைப் பலகையும்

வாழைக்குலை வெட்டப் போகிறவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவதில்லை. கத்தி பட்டதும் தண்டிலிருந்து வடிகிற பால் வெறும் தண்ணீரைப் போலத்தான் தெரியும். துணியில் பட்டுக் காய்ந்த பின்னரே அதன் குணம் விளங்கும். முதலில் மண்ணிறம், பிறகு கறுப்பு. சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் கல்லில் அடித்தாலும் அந்தக் கறை போகாது.

எமக்குத் தொல்லையாகத் தெரியும் இந்தக் கறையை ஒரு மக்கள் கூட்டம் விரும்பித் தேடியது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் மக்களே அவர்கள். தங்கள் கையால் செதுக்கிய அலைப் பலகைகளுக்கு நிறம் ஏற்ற அவர்கள் வாழையையும் பயன்படுத்தினார்கள்.

அலைப் பலகை என்பது, கரையை நோக்கி எழுந்துவரும் அலையின் மேல் படுத்தோ நின்றோ வழுக்கி வருவதற்கான பலகை. பொத்துவிலுக்கு அருகே அறுகம்குடாவில் வெளிநாட்டவரும் எமது இளைஞரும் அதில் அலையேறுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். "வயலையும் காணியையும் விட்டு வந்திருக்கும் எங்களுக்கு இந்த விளையாட்டுச் சாமான் எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் பலகையைச் செய்தவர்களும் எம்மைப் போலப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள்தாம். நிலத்தை இழந்தவர்களும்தாம்.

சேம்பும் முள்முருக்கும்

ஹவாய் மக்களின் முதன்மை உணவு சேம்பு. எமது கிணற்றடியில் வளரும் அதே சேம்பை அவர்கள் நீர் பாய்ச்சிய வயல்களில் நட்டார்கள். வாழையும் ஈரப்பலாவும் அவர்கள் தோட்டத்திலும் இருந்தன. பலகைக்கு அவர்கள் தெரிந்த மரங்களில் ஒன்று ஈரப்பலா. இன்னொன்று 'விலிவிலி'. அது எமது வேலிகளில் நிற்கும் முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்தது. முள்முருக்கை வெட்டித் தூக்கியவருக்கு அதன் பாரமின்மை தெரியும். தண்ணீரில் நன்றாக மிதக்கும். மூன்றாவது, 'கோஅ' என்ற உறுதியான காட்டு மரம்.

1823 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவைச் சுற்றிப் பயணம் செய்த வில்லியம் எல்லிஸ் என்ற மிஷனரி, தாம் கண்ட பலகைகள் கறுப்பு நிறம் ஏற்றப்பட்டிருந்ததை எழுதிவைத்தார். கடலால் வந்ததும் பலகையை வெயிலில் உலர்த்தி, தேங்காயெண்ணெய் பூசி, துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்கவிட்டார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். உழவு முடிந்ததும் கலப்பையைக் கழுவி இறப்பில் செருகிவைத்த எமது அப்புமாரின் பழக்கம் இங்கே எமக்கு ஞாபகம் வருகிறது.

நிறம் ஏற்றிய முறை

தோமஸ் த்ரம் என்பவர் வெளியிட்ட 1896 ஆம் ஆண்டுக்கான ஹவாய்ப் பஞ்சாங்கத்தில் பலகை செய்யும் முறை விவரமாக இருக்கிறது. முதலில் கல் வாய்ச்சியால் மரத்தைச் செதுக்கினார்கள். பிறகு பவளக்கல்லாலும் சொரசொரப்பான கல்லாலும் தேய்த்து மட்டப்படுத்தினார்கள். அதன் பின்னரே நிறம். அதற்கு அவர்கள் எடுத்தவை எல்லாம் வீட்டைச் சுற்றிக் கிடைத்தவை. 'கி' என்ற செடியின் கிழங்கு ஒன்று. சிவந்த இலைக்காக எமது முற்றங்களிலும் அதை நடுவதுண்டு. 'குகுயி' மரத்தின் பட்டையை இடித்த சாறு, குகுயி விதையைச் சுட்டெடுத்த கரி, வாழையின் இளம் பொத்திச் சாறு என்பனவும் பயன்பட்டன. இவற்றால் பலகை பளபளப்பான கறுப்பாகும். நிறம் காய்ந்த பிறகு குகுயி எண்ணெயைத் தேய்த்தார்கள்.

வாழைச் சாற்றிலும் மரப்பட்டையிலும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. காற்றுப் பட அது கருக்கும், மரநாரைப் பற்றிக்கொள்ளும். எமது கரையோர மக்கள் இந்த வித்தையை அறியாதவர்கள் அல்லர். நைலோன் வருவதற்கு முன் பருத்தி வலைகள் உக்கிப்போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்தார்கள். வலை கறுத்தது; அதன் ஆயுளும் கூடியது.

எண்ணெயிலும் ஒரு வேறுபாடு உண்டு. குகுயி எண்ணெய் காற்றில் காய்ந்து மெல்லிய படையாக இறுகும். தேங்காயெண்ணெய் இறுகாது. ஆகவே அதைத் திரும்பத் திரும்பப் பூசவேண்டும். ஒவ்வொரு முறையும் கடலால் வந்து பூசியதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

நிலத்தோடு போனது

1778 ஆம் ஆண்டில் கப்டன் குக் ஹவாயை அடைந்த பின், அம்மக்கள் அறிந்திராத நோய்கள் கப்பல்களோடு வந்து சேர்ந்தன. இலட்சக்கணக்கில் இருந்த மக்கள் 1890 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கலப்பினத்தவரையும் சேர்த்துச் சுமார் 40,000 பேராகக் குறைந்திருந்தார்கள். 1848 இல் காணிகள் மன்னருக்கும் பிரபுக்களுக்கும் இடையே பங்கிடப்பட்டன. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களின் கீழ் சாதாரண குடிகளுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவு. சேம்பு வயல்களுக்குப் போன நீர் கரும்புத் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டது. 1893 இல் அரசும் கவிழ்க்கப்பட்டது. மக்கள் சிதறியபோது பலகை செதுக்குவோரும் குறைந்தனர்.

ஆனால் கைத்திறன் முற்றாக அழியவில்லை. 1885 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த மூன்று ஹவாய் இளவரசர்கள், சான்ரா குரூஸ் என்ற ஊரின் ஆற்றுமுகத்தில் அலையேறினார்கள். ஊரிலிருந்து பலகை கொண்டுவரவில்லை. அங்கே கிடைத்த ரெட்வூட் மரத்தை அறுத்து, தம் நாட்டு அளவில் பலகை செய்துகொண்டார்கள். மரம் வேறு, கடல் வேறு. கைப்பழக்கம் மட்டும் அவர்களுடையது. 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர்க் கரையில் அலையேறிக் காட்டிய ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகுவும், அங்கே கிடைத்த பைன் மரத்திலேயே தமது பலகையைச் செய்தார். அந்தப் பலகை இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

இன்று வீட்டில் செய்பவருக்கு

அறுகம்குடாப் பக்கத்தில் பலகை செய்யவோ திருத்தவோ பழகும் பிள்ளைகள் இருந்தால், இந்தப் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மரப் பலகையானால், அரத்தாளால் மரநாரின் போக்கிலே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்களில் நிறம் திட்டுத்திட்டாகத் தேங்கும். நிறம் முதலில், எண்ணெய் பிறகு. எண்ணெய் குடித்த மரத்தில் சாயம் இறங்காது. வாழைப்பொத்தியை இடித்த சாற்றை முதலில் கழிவுத் துண்டு ஒன்றில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் அடுத்த பூச்சு. எண்ணெய்க்கு ஆளிவிதை எண்ணெய் பொருந்தும். மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாளாவது காயவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். கிடுகு வீட்டில் இதன் பொருள் என்ன என்று நாம் சொல்லத் தேவையில்லை. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

இக்காலப் பலகைகள் பெரும்பாலும் நுரையில் செதுக்கி, மேலே பைபர் துணியும் ரெசினும் போர்த்தியவை. நிறத்தைப் போர்வைக்கு முன் நுரையின் மேல் பூசலாம். அல்லது ரெசினிலேயே கலக்கலாம். நுரையில் பூசுவதானால் நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் நல்லது. அது முற்றாகக் காயாவிட்டால் ரெசின் பிடிக்காது. பெட்டிகளில் வரும் ரெஜிபோம் நுரையில் பொலியெஸ்ரர் ரெசினை ஊற்றினால் நுரை கரைந்துபோகும். அதற்கு எபொக்சி ரெசினே வேண்டும்.

கரிய நிறம் மரத்துக்குப் பொருந்தியது; நுரைக்கு அது பொருந்தாது. வெயிலில் கறுப்பு சூட்டை உறிஞ்சும். உள்ளே உள்ள காற்று விரிந்து, போர்வை நுரையை விட்டுக் கிளம்பிக் கொப்புளமாகும். கடைகளில் நுரைப் பலகைகள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எமது வெயிலில் வெளிர் நிறங்களே நல்லவை.

எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பைப் பாருங்கள். பொலியெஸ்ரர் ரெசினை இறுக வைக்க நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு சேர்க்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே கண்ணைத் திறந்தபடி நெடுநேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடவேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குழந்தைகள் இல்லாத திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். மூக்கில் கட்டிய லேஞ்சி தூசியைக்கூட அரைவாசிதான் மறிக்கும். ரெசின் வாடையை மறிக்கவே மாட்டாது. அதற்குரிய வடிகட்டி முகமூடி இல்லாதவர் மர வேலையோடு நிற்பது புத்தி.

பலகை செய்யாதவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. புதிய இடத்தில் மண்வெட்டிப் பிடி, மணை, கதிரை என்று எதையாவது நாம் மறுபடியும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். பூச்சில்லாத பச்சை மரம் ஒரு மாரியிலேயே வெடிக்கும், உக்கும். கடையில் வர்ண ரின் வாங்கக் காசு இல்லாவிட்டாலும் வாழையடியில் சாறு இருக்கிறது, போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்தக் காய் கறுக்கும், எந்த எண்ணெய் இறுகும் என்பதை அவர்கள் பார்க்கட்டும், கையில் கறை படட்டும். காணி உறுதி தொலைந்த வீடுகளிலும் இந்த அறிவு தொலையாமல் எம்மோடு வந்திருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு நாம் இன்றே கொடுக்கக்கூடிய முதுசமும் அதுவே.