பிரேக் காலிப்பர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

மைசூரை அடுத்த ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம்மவர் விடுமுறைக்குக் காரில் ஊருக்குப் புறப்பட்டால், சாமராஜநகர் கடந்ததும் திம்பம் மலைப்பாதை எதிர்ப்படுகிறது. பண்ணாரிக்கு இறங்குமுன் 27 கொண்டை ஊசி வளைவுகள். அவ்விறக்கத்தில் நாம் நம்பியிருப்பது பிரேக்கையே.

முன்சக்கர டிஸ்க்கைப் பற்றிப் பிடிக்கும் கருவி காலிப்பர். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ள, பேடுகள் டிஸ்க்கை இறுக்குகின்றன. காலை எடுத்ததும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தன் நிலைக்கு மீளும்போது பிஸ்டனையும் சிறிது பின்னிழுக்கிறது. சீல் இறுகினாலோ துரு பற்றினாலோ பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். அப்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடேறும். பேடுகள் ஒரே சீராகத் தேயா.

இக்குறிகள் கண்டவுடன் காலிப்பரைக் குறை கூறலாகாது. அது நகரும் பின்கள் இறுகியிருக்கலாம். ரப்பர்க் குழாய் உள்ளே அடைத்திருக்கலாம். முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும்.

பின்பு காலிப்பரைப் பிரித்து நோக்குவோம். பெரும்பாலான வண்டிகளில் சீல் உடலின் பள்ளத்தில் அமர்ந்து, பிஸ்டனின் மேற்பரப்பில் உராய்கிறது. ஆகவே முதலில் ஆராய வேண்டியது பிஸ்டனையே. அது வழவழப்பாயிருந்தால் புதிய சீல்கள் போதும். குழி விழுந்திருந்தால் பிஸ்டனையும் மாற்றுவோம். சீல் அமரும் பள்ளத்தைத் துரு அரித்திருந்தாலோ, உடலில் வெடிப்புக் கண்டிருந்தாலோ, காற்று நீக்கும் திருகு உள்ளேயே முறிந்திருந்தாலோ முழுக் காலிப்பரையும் மாற்றுவதே முறை. தேர்ந்த மெக்கானிக்கோ உரிய உதிரிப்பாகமோ கிடைக்காவிடினும் புதியதே நன்று. சீல் மாற்றினால் செலவு மிகக் குறைவுதான். எனினும் உயிருக்கு முன் அச்சிக்கனம் பெரிதன்று.

பழுது பார்க்கையில் சீல்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவலாகாது, ரப்பர் உப்பிவிடும். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தையும் சோதிக்க வேண்டும். பேடுகளை இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இறுதியில் குழாய்களில் காற்று தங்காதவாறு நீக்க வேண்டும்.

துருவுக்குப் பெருங்காரணம் ஈரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள நீரை ஈர்க்கும். டாட் 4 வகை, புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் கலந்தபின் அவ்வெல்லை 155 வரை தாழலாம். கொதித்தால் ஆவி உண்டாகிப் பெடல் தளர்ந்துவிடும். எனவே இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவோம். இறக்கத்தில் தாழ்ந்த கியரிலே செல்வோம்.

காலிப்பரின் தகுதியைத் திம்பத்தின் வளைவில் அறிய வேண்டா. புறப்படுமுன் ஹெப்பாளிலேயே அறிந்துகொள்வோம்.