காலில் குடியேறும் மணல் தெள்ளு

அரூரிலிருந்து தீர்த்தமலைப் பக்கம் ஆடு ஓட்டிச் செல்லும் சிறுவனின் காலில் முள் தைத்துவிடுகிறது. அவன் என்ன செய்கிறான்? அங்கேயே உட்கார்ந்து, சட்டையில் மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்து முள்ளைக் கிளறி எறிகிறான். ஊக்கு மறுபடியும் சட்டைக்கே போய்விடுகிறது. நம்மில் பலரும் செய்ததுதான். கென்யா, உகாண்டா நாட்டுச் சிற்றூர்களிலும் சிறுவர்கள் இப்படியே ஊக்கும் கையுமாக உட்காருகிறார்கள். ஆனால் அவர்கள் காலிலிருந்து எடுப்பது முள் அன்று, உயிருள்ள பூச்சி!

அதன் பெயர் மணல் தெள்ளு. விஞ்ஞானிகள் துங்கா பெனிட்ரான்ஸ் என்பர். நாய்மேல் துள்ளும் தெள்ளுப்பூச்சியின் இனந்தான்; ஆனால் அதைவிடச் சிறியது. நீளம் 1 மி.மீ. அளவே.

தோலுக்குள் ஒரு வாழ்க்கை

பெண் தெள்ளு கால்விரல் இடுக்கு, நகத்தின் ஓரம், குதிகால் ஆகிய இடங்களில் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. தலை உள்ளே, பின்முனை மட்டும் வெளியே. அந்தச் சிறு துளை வழியாகவே அது மூச்சு விடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது, முட்டையும் இடுகிறது. இரத்தத்தை உறிஞ்சி ஒன்றிரண்டு வாரங்களில் பட்டாணி அளவுக்கு வீங்கிவிடுகிறது. நடுவில் கரும்புள்ளி உள்ள வெண்ணிறக் கொப்புளமாக அது தோன்றும். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டபின், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் தோலுக்குள்ளேயே மடிகிறது.

முட்டைகள் எங்கே போகின்றன? மண்ணில் விழுகின்றன. சில நாளில் புழு வெளிவந்து, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய மூன்று வாரங்களில் புதிய தெள்ளாகிறது. காய்ந்த புழுதி மண்ணே அதன் தொட்டில். மண் தரையில் படுத்துறங்கும் குழந்தைகளையே அது மிகுதியாகப் பற்றுவதன் காரணம் இதுதான். நாய், பன்றி, எலி ஆகியவற்றின் உடலிலும் அது வளரும்.

கப்பலில் வந்த மணல்

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1872ல் பிரேசிலிலிருந்து அங்கோலா நாட்டின் அம்பிரிஸ் துறைமுகத்திற்கு ‘தாமஸ் மிட்செல்’ என்ற கப்பல் வந்தது. பாரத்திற்காக அதில் நிரப்பியிருந்த மணலோடு தெள்ளும் ஆப்பிரிக்காவில் இறங்கியது. கால்நடையாகச் சென்ற வணிகர், படையினர் ஆகியோரின் பாதங்களில் ஏறி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் கண்டத்தின் கிழக்குக் கரையை அடைந்துவிட்டது. அங்கிருந்து திரும்பியவர்களோடு பம்பாய்க்கும் வந்தது. எனினும் ஆப்பிரிக்காவில் பரவியதுபோல் இந்தியாவில் பரவவில்லை.

ஊக்கு செய்யும் தீங்கு

ஒரு தெள்ளு புகுந்தால் அரிப்பும் வலியும்தான். பல புகுந்தால் புண் சீழ் பிடிக்கும்; நகம் விழும்; நடக்க முடியாமல் குழந்தை பள்ளிக்குப் போவது நின்றுவிடும். ஊக்கால் கிளறினால் தெள்ளு பாதி அறுந்து உள்ளே தங்கிவிடும். அந்தப் புண் வழியாக இரணஜன்னிக் கிருமி நுழையலாம். ஒரே ஊக்கைப் பலர் பயன்படுத்தினால் மஞ்சள்காமாலை போன்ற இரத்தவழி நோய்களும் பரவக்கூடும்.

இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. தெள்ளு மூச்சுவிடும் துளையை அடைத்துவிட்டால் போதுமல்லவா? டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் இதையே செய்கிறது. கென்யாவில் நடத்தி 2014ல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெய் தடவிய பாதங்களில் ஏழு நாளில் நூற்றுக்கு 78 தெள்ளுகள் செயலிழந்தன. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் நனைத்த பாதங்களில் 39 மட்டுமே. ஆனால் மருந்து காலைத்தான் காக்கும். தரையில் உள்ள முட்டையை அழிக்காது. கெட்டியான தரை, காலணி, கால்நடைகளைத் தனியே கட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நோய் ஒழியும்.

நமக்கு என்ன?

அரூரில் தோலுக்குள் வளை தோண்டும் ஒட்டுண்ணி என்றால் பெரும்பாலும் சொறி சிரங்கு உண்டாக்கும் சிற்றுண்ணிதான். கைவிரல் இடுக்கில், இரவில் மிகுதியாக அரிக்கும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்திட்டால்தான் அது தீரும். சொறியையும் மணல் தெள்ளு போன்றவற்றையும் 2017ல் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் எளியோர் வீட்டு நோய்கள். இரண்டையும் வெளியில் சொல்ல மக்கள் கூசுகிறார்கள்.

அடுத்த முறை காலில் முள் தைத்தால், சட்டையில் உள்ள ஊக்கைத் தேடாதீர்கள். காலைச் சோப்பால் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்த ஊசியால் எடுங்கள். முள் ஆழப் பாய்ந்திருந்தால் மருத்துவமனைக்குச் சென்று இரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஆடு மேய்க்கும் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.