மஜகாவில் பிறந்த இரண்டு நீலகிரிகள்

செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் சி.எஸ்.எம்.டி. போகிறவர்கள் டாக்யார்டு ரோடு நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கடலோரத்தில் உயர்ந்து நிற்கும் கிரேன்களின் அடியில் இருப்பது மஜகாவ் கப்பல் கட்டும் தளம். 1774-ல் சிறிய கப்பல் துறையாகத் தொடங்கிய இதனை 1960-ல் மத்திய அரசு ஏற்றது. நம் நீலகிரி மலையின் பெயர் தாங்கிய இரண்டு போர்க்கப்பல்கள் இங்கேதான் பிறந்தன.

முதல் நீலகிரி

விடுதலை பெற்ற தொடக்க ஆண்டுகளில் நம் கடற்படையின் பெரிய கப்பல்கள் பிரிட்டனில் கட்டப்பட்டவையே. நாமே கட்டுவோம் என்று துணிந்தபோது, 'லியாண்டர்' என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட் கப்பலின் வரைபடத்தை வைத்து 1966-ல் வேலை தொடங்கியது. 1968 அக்டோபர் 23 அன்று பிரதமர் இந்திரா காந்தி கப்பலைக் கடலில் இறக்கி வைத்தார். 1972 ஜூன் 3 அன்று அது கடற்படையில் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 3,000 டன், ஓட்டியது நீராவி.

வரைபடம் அவர்களுடையது, உழைப்பு நம்முடையது. அதே வகையில் மேலும் ஐந்து கப்பல்கள் 1981-க்குள் இங்கே உருவாயின. கடைசி இரண்டில், பெரிய 'சீ கிங்' ஹெலிகாப்டர் இறங்குவதற்காக நம்மவர்களே அமைப்பை மாற்றினார்கள். பார்த்து எழுதிய பிள்ளை சொந்தமாக எழுதத் தொடங்கிய கட்டம் அது.

1996-ல் ஓய்வு பெற்ற நீலகிரி, மறு ஆண்டு ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காகி, நம் கடற்படை விமானத்தாலேயே மூழ்கடிக்கப்பட்டது. கட்டிய கைகளுக்கு அது வேதனைதான். ஆனால் கற்ற வித்தை மூழ்கவில்லை.

இரண்டாம் நீலகிரி

2025 ஜனவரி 15 அன்று மும்பையில் புதிய நீலகிரி கடற்படையில் சேர்ந்தது. நீளம் 149 மீட்டர். எடை 6,670 டன், அதாவது பழையதைப் போல் இரு மடங்குக்கும் மேல். இதை வடிவமைத்தது கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவு. எஃகு, ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோக ஆய்வுக்கூடத்தில் உருவானது.

இதன் சிறப்பு, ரேடாருக்கு எளிதில் அகப்படாமை. ரேடார் அனுப்பும் அலை கப்பலில் பட்டுத் திரும்பினால்தான் எதிரிக்குக் கப்பல் தெரியும். நேரான சுவரில் எறிந்த பந்து நம் கைக்கே திரும்புகிறது. சாய்ந்த சுவரில் பட்டால் வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் இக்கப்பலின் பக்கங்கள் சாய்வாக இருக்கின்றன. இவ்வளவு பெரிய கப்பல், எதிரியின் திரையில் மிகச் சிறியதாகத் தெரியும்.

கட்டும் முறையும் மாறியது. முன்பு கூட்டை முழுதாகக் கட்டிவிட்டு, உள்ளே புகுந்து குழாய்களைப் பொருத்துவார்கள். இப்போது குழாய்களும் கேபிள்களும் பொருத்திய பெரும் துண்டுகளைச் சேர்த்து வெல்டிங் செய்கிறார்கள்.

எல்லாமே நம்முடையது என்று சொல்லிவிட முடியாது. இதை ஓட்டும் கேஸ் டர்பைனின் வடிவமைப்பு இன்றும் அமெரிக்க நிறுவனத்துடையது. அந்தப் பாடம் பாக்கி இருக்கிறது.

அதைப் படிக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகளாகவும் இருக்கலாமே! பத்தாம் வகுப்பு தேறியவர்களையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் இத்தளம் தொழிற்பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பெற்றோர்களே, அடுத்த முறை டாக்யார்டு ரோடு வரும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கிரேன்களைக் காட்டுங்கள்.