அடுத்த 'ஸெல்டா' எப்படி இருக்கணும்? ரசிகர்களின் ஆசைப் பட்டியலும் அதற்குள் இருக்கும் சிக்கலும்

'பிரெத் ஆஃப் தி வைல்ட்' 2017 மார்ச்சில் வந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள், அதன் தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' 2023 மே மாதம் வந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இதே வேகத்தில் போனால், அடுத்த பெரிய ஸெல்டா கைக்கு வரும்போது பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் விளையாட்டு என்பதால்தான் ரசிகர்களின் எதிர்பார்ப்பும் அவ்வளவு கனமாக இருக்கிறது. இந்த முறை தவறவிட்டால் இன்னொரு ஆறு வருஷம் காத்திருக்க வேண்டும். அப்படி என்னதான் கேட்கிறார்கள்? அதையெல்லாம் கொடுப்பதில் நின்டெண்டோவுக்கு என்ன சிக்கல்?

ஸெல்டா என்றால் என்ன?

'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய சாகச விளையாட்டு வரிசை. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஷிகெரு மியாமோட்டோ. ஹைரூல் என்ற கற்பனை ராஜ்ஜியம், லிங்க் என்ற வாள் வீரன், இளவரசி ஸெல்டா, பெரும்பாலான பாகங்களில் கேனான் என்ற தீய சக்தி. கதைக்கரு இவ்வளவுதான்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பச்சைச் சட்டை போட்ட ஹீரோதான் ஸெல்டா என்று நினைப்பார்கள். ஹீரோவின் பெயர் லிங்க். ஸெல்டா இளவரசியின் பெயர்.

1998இல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' இந்த வரிசையை முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனது. 2017இன் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு "எங்கே வேணும்னாலும் போ" என்றது. 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' அதே வரைபடத்துக்கு மேலே வானத் தீவுகளையும் கீழே பாதாளத்தையும் சேர்த்தது. வெளியான முதல் 3 நாளிலேயே 1 கோடி பிரதிகள் விற்றன. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றலாம். ரசிகர்களிடம் நீளமான பட்டியலே இருக்கிறது.

ஆசை 1: பழைய டன்ஜன்கள் திரும்ப வரணும்

பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். டன்ஜன் என்பது புதிர்களும் எதிரிகளும் நிறைந்த கோட்டை அல்லது நிலவறை. பழைய ஸெல்டாக்களில் இதற்கு ஒரு தாளம் உண்டு. உள்ளே போவீர்கள், வழி அடைபட்டிருக்கும். பாதியில் ஒரு புதுக் கருவி கிடைக்கும். அதுவரை திறக்காத கதவுகள் அந்தக் கருவியால் திறக்கும். கடைசியில் பெரிய எதிரியை வீழ்த்தவும் பெரும்பாலும் அதே கருவிதான் உதவும்.

'பிரெத் ஆஃப் தி வைல்ட்'டில் இது போய்விட்டது. பதிலாக நான்கு ராட்சத இயந்திர மிருகங்களும், ஷ்ரைன் எனப்படும் 120 சிறு புதிர் அறைகளும் வந்தன. புதிர்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் எல்லா அறைகளும் ஒரே மாதிரி தெரிந்தன. 'டியர்ஸ்' தனித்தனித் தோற்றமுள்ள கோயில்களைக் கொண்டுவந்தது. உள்ளே போனால், நான்கைந்து பூட்டுகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் திறக்கும் அதே அமைப்புதான்.

ஏன் இப்படி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த இரண்டு விளையாட்டுகளிலும் முக்கிய சக்திகள் எல்லாம் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடும். அதன் பிறகு வீரர் எந்தத் திசையிலும் போகலாம். துணிச்சல் இருந்தால் நேராக கேனானிடமே போய் நிற்கலாம். யார் எந்தக் கோயிலுக்கு முதலில் வருவார்கள் என்று வடிவமைப்பாளருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கோயிலும் முதல் கோயிலாக இருக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒன்றில் கற்றதை அடுத்ததில் சோதிப்பது, படிப்படியாகக் கஷ்டத்தைக் கூட்டுவது எல்லாம் அப்போது முடியாத காரியம்.

அதாவது, சுதந்திரம் கூடக் கூட டன்ஜன் இளைத்துப்போகிறது. இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ரசிகர்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

நடுவழி இல்லாமல் இல்லை. திறந்த உலகத்துக்கு நடுவே கவனமாகச் செதுக்கிய பெரிய கோட்டைகளை வைத்தது 2022இல் வந்த 'எல்டன் ரிங்'. உலகம் முழுக்கச் சுற்றலாம். கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் வடிவமைப்பாளர் போட்ட கணக்குப்படிதான் போக வேண்டும். ஸெல்டா ரசிகர்கள் இதை உதாரணமாகக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆசை 2: வாள் உடையக் கூடாது

நல்ல வாள் ஒன்றைத் தேடி எடுத்து, பத்துப் பதினைந்து எதிரிகளை அடித்தால் போதும். கையிலேயே நொறுங்கிப்போகும். தொடரின் புகழ்பெற்ற மாஸ்டர் வாளே 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'டில் சக்தி தீர்ந்தால் 10 நிமிஷம் ஓய்வெடுக்கும். "இதுக்காகவா இவ்வளவு கஷ்டப்பட்டோம்?" என்ற கோபம் 2017இலிருந்தே இருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு நியாயமும் உண்டு. வாள் உடையாது என்றால், முதலில் கிடைக்கும் சிறந்த வாளோடு விளையாட்டு முடிந்தது. அதன் பிறகு திறக்கும் பெட்டிகளில் எது இருந்தாலும் பயனில்லை. உடைவதால்தான் வீரர் புதுப்புது வழிகளை யோசிக்கிறார். 'டியர்ஸ்' இதையே ஒரு படி மேலே கொண்டுபோய், குச்சியையும் கல்லையும் ஒட்டிப் புது ஆயுதம் செய்ய வைத்தது.

எனவே பல ரசிகர்கள் கேட்பது உடையாத வாளை அல்ல, பழுது பார்க்கும் வசதியைத்தான். 'டியர்ஸ்'ஸில் அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எரிமலைப் பகுதியில் வாழும் ஆக்டராக் என்ற பிராணி முன்னால் ஆயுதத்தைப் போட்டால், அதை விழுங்கிப் புதுப்பித்துத் துப்பும். இதைத் தெரிந்துகொள்ளாமலே விளையாட்டை முடித்தவர்கள் ஏராளம். ஊருக்கு ஒரு கொல்லர் பட்டறை இருந்தால் போதாதா என்பதுதான் கேள்வி.

ஆசை 3: கதை கண் முன்னே நடக்கணும்

இரண்டு விளையாட்டுகளிலும் முக்கியக் கதை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. லிங்க் அதை நினைவுத் துணுக்குகளாகத் தேடிப் பார்க்கிறான். எந்தத் துணுக்கு முதலில் கிடைக்கும் என்பது வீரர் போகும் வழியைப் பொறுத்தது. 'டியர்ஸ்'ஸில் முக்கிய ரகசியத்தைச் சிலர் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் மற்ற கதாபாத்திரங்கள் அதைப் பற்றி ஒன்றுமே தெரியாததுபோலப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. நான்கு கோயில்களை முடித்ததும் நான்கு பழைய ஞானிகள் தோன்றி, கிட்டத்தட்ட ஒரே கதையை நான்கு தடவை சொல்கிறார்கள். காரணம் மறுபடியும் அந்தச் சுதந்திரம்தான். எந்தக் கோயில் முதலில் வரும் என்று தெரியாததால், எல்லோரும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசை 4: ஸெல்டாவைக் கையில் கொடுங்க

2019இல் 'டியர்ஸ்'ஸின் முதல் டீசரில் லிங்கும் குட்டை முடியோடு ஸெல்டாவும் சேர்ந்து குகைக்குள் நடந்தார்கள். இந்த முறை இருவராகவும் ஆடலாம் என்று ரசிகர்கள் ஆசைப்பட்டார்கள். விளையாட்டு வந்தபோது, தொடக்கக் காட்சிகளிலேயே ஸெல்டா மறைந்துபோனாள்.

2024 செப்டம்பரில் வந்த 'எகோஸ் ஆஃப் விஸ்டம்' அந்த ஏக்கத்தைப் பாதி தீர்த்தது. நின்டெண்டோவின் பிரதான ஸெல்டா வரிசையில் இளவரசியே நாயகியானது அதில்தான். டோமோமி சானோ, இந்தத் தொடரின் முதல் பெண் இயக்குநர். ஆனால் அது மேலிருந்து பார்க்கும் சிறிய வகை விளையாட்டு. பெரிய முப்பரிமாண ஸெல்டாவில் அவளுக்கு இடம் எப்போது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சின்னச் சின்ன ஆசைகள்

* தண்ணீருக்குள் மூழ்க வேண்டும். 2000இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்'கில் மீன் மனிதனாக மாறி நீந்தியதை இன்னும் சிலாகிக்கிறார்கள். சமீபத்திய இரண்டு பெரிய பாகங்களிலும் லிங்கால் நீரின் மேலே மட்டுமே நீந்த முடியும்.

* ஹூக்ஷாட் வேண்டும். தூரத்துச் சுவரில் கொக்கியை எய்து அங்கே இழுத்துக்கொண்டு போகும் பழைய கருவி இது.

* தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும். இப்போது குளத்தில் வெடி வைத்துத்தான் மீன் அள்ளுகிறார்கள்.

* மெனு மாற வேண்டும். 'டியர்ஸ்'ஸில் அம்பில் ஒட்ட ஒரு பொருளைத் தேட, ஒரே நீள வரிசையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். 'எகோஸ்'ஸிலும் அதே தலைவலி.

* நாயைத் தடவிக்கொடுக்க விட வேண்டும். லிங்க் நாய்க்குச் சாப்பாடு போடலாம், நன்றிக்கு அது புதையல் காட்டும். தடவத்தான் முடியாது. சிரிக்க வேண்டாம், இது நிஜமாகவே பல பட்டியல்களில் இருக்கிறது.

* கடினத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும். 'பிரெத்'தில் கஷ்டமான முறை, தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பாகத்தில்தான் வந்தது. 'டியர்ஸ்'ஸுக்குக் கூடுதல் பாகமே வரவில்லை. மறுபக்கம், கை அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு விளையாட்டுக்குள்ளேயே பட்டன்களை விருப்பப்படி மாற்றும் வசதியும் இல்லை. குதிப்பதையும் ஓடுவதையும் இடம் மாற்றலாம், அவ்வளவுதான். மீதியை ஸ்விட்ச் கருவியின் பொது அமைப்பில் போய்த்தான் மாற்ற வேண்டும்.

பெருசா, சீக்கிரமா?

'பிரெத் ஆஃப் தி வைல்ட்'டில் ஒளிந்திருக்கும் கோரோக் விதைகள் 900. எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு, மலம் போன்ற வடிவில் ஒரு தங்கக் கட்டி. எல்லாவற்றையும் பொறுக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே அடிக்கும் கிண்டல் அது. 'டியர்ஸ்'ஸில் எண்ணிக்கை 1,000 ஆனது.

வேலைக்குப் போய் வந்து இரவு ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு இவ்வளவு பெரிய உலகம் சுமையாகவும் ஆகலாம். எனவே, "பாதி அளவில் கொடுங்க, பாதி நேரத்தில் கொடுங்க" என்ற குரலும் கேட்கிறது. அதற்கு முன்னுதாரணம் உண்டு. 'ஆக்கரினா'வின் தொழில்நுட்பத்தையும் உருவங்களையும் மறுபடி பயன்படுத்தி, இரண்டே வருடத்துக்குள் வெளியானது 'மஜோராஸ் மாஸ்க்'. சிறியது, ஆனால் இன்றும் கொண்டாடப்படுகிறது. 'டியர்ஸ்'ஸும் பழைய வரைபடத்தையே மறுபடி பயன்படுத்தியது. அதற்கு ஆறு வருடம் ஆனது.

ரசிகர்கள் சொல்வதை அப்படியே கேட்கலாமா?

2000இல் ஜப்பானில் நடந்த ஸ்பேஸ்வேர்ல்ட் கண்காட்சியில், லிங்க் நிஜமான தோற்றத்தில் வாள் சண்டை போடும் காட்சியை நின்டெண்டோ காட்டியது. ரசிகர்கள் துள்ளினார்கள். அடுத்த ஆண்டு காட்டியதோ கார்ட்டூன் லிங்க். "குழந்தைங்க படமா இது?" என்று கொதித்தார்கள். அதுதான் 2002 டிசம்பரில் வெளியான 'விண்ட் வேக்கர்'. அதன் பின், ரசிகர்கள் கேட்டபடியே இருண்ட, நிஜத் தோற்றமுள்ள 'டுவைலைட் பிரின்சஸ்' 2006இல் வந்தது. இன்று எது பழசாகத் தெரியாமல் நிற்கிறது என்று கேட்டால், பலரும் 'விண்ட் வேக்கர்' பக்கம்தான் கைகாட்டுவார்கள்.

ஆனால் ரசிகர்கள் சொல்லி நல்லது நடந்ததும் உண்டு. 2011இன் 'ஸ்கைவேர்ட் ஸ்வோர்ட்'டில் ஃபை என்ற துணைப் பாத்திரம் அடிக்கொரு தரம் குறுக்கிட்டு, ரிமோட்டில் பேட்டரி தீரப்போகிறது என்பது வரை சொல்லும். விமர்சனங்களுக்குப் பிறகு, 2021 மறுவெளியீட்டில் அந்தக் குறுக்கீடுகள் குறைக்கப்பட்டன. அப்படிக் கைபிடித்து அழைத்துப்போவது பிடிக்காமல் "எங்களைச் சும்மா விடுங்க" என்று ரசிகர்கள் கேட்டதன் நீட்சிதான் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'டின் திறந்த உலகம். இப்போது "கொஞ்சம் வழி காட்டுங்க" என்று கேட்பவர்களில் பலரும் அன்றைக்கு அப்படிக் கேட்டவர்களே.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. எங்கே வலிக்கிறது என்று ரசிகர்கள் சொன்னால் அது பெரும்பாலும் சரியாக இருக்கிறது. எந்த மருந்து வேண்டும் என்று சொல்லும்போதுதான் தவறிப்போகிறது. தயாரிப்பாளர் ஐஜி அவோனுமா, கட்டுப்பாடு அதிகமுள்ள பழைய பாணிக்குத் திரும்ப ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று பேட்டியில் வியந்தவர். எனவே பழைய ஸெல்டா அப்படியே வரும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

டிரெய்லர் வந்தால் எதைப் பார்க்கணும்?

அழகான மலையையும் சூரிய உதயத்தையும் விட்டுவிடுங்கள். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, லிங்கிடம் எல்லாச் சக்தியும் முதலிலேயே இருக்கிறதா, அல்லது புதுக் கருவிகள் வழியில் கிடைக்கின்றனவா? கிடைத்தால் பழைய டன்ஜன்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. இரண்டு, ஸெல்டா இந்த முறையும் காணாமல் போகிறாளா, கூடவே நடக்கிறாளா? மூன்று, வாள் உடைகிறதா?

நாயைத் தடவுவதை டிரெய்லரில் காட்டமாட்டார்கள். அதை வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.