நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல்

நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கை வீட்டுக்கு வந்து சேரும் மாலைப் பொழுது பல குடும்பங்களுக்குக் கனமானது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வைத்தியரைக் காண்பதற்கோ இன்னும் சில நாட்கள் இருக்கும். ஆங்கிலம் அறிந்த பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்வோம். ‘வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல்’ என்று பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள், புற்றுநோய் எனத் தாயின் மனமும், காசநோய் எனத் தந்தையின் மனமும் தீர்ப்பு எழுதிவிடுகின்றன. அன்றிரவு செபமாலை கண்ணீரோடு சொல்லப்படுகின்றது.

அந்த வரி உண்மையில் கூறுவது என்ன?

1895ஆம் ஆண்டு ஜேர்மனியில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரே கதிர்கள், காற்று நிறைந்த நுரையீரலை எளிதில் ஊடுருவிச் செல்வதால் அப்பகுதி படத்தில் கறுப்பாகத் தெரிகின்றது. எலும்பும் இதயமும் கதிர்களைத் தடுப்பதால் வெண்மையாகத் தோன்றுகின்றன. காற்று இருக்கவேண்டிய இடத்தில் வேறேதும் இருப்பின் அங்கும் வெண்மை படரும். அதனையே ‘நிழல்’ என்கிறோம். அது நியூமோனியாவாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், என்றோ ஆறிய நோயின் தழும்பாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். ‘இதயம் பெரிதாக உள்ளது’ என்ற குறிப்பும் இத்தகையதே. மூச்சை நன்றாக உள்ளிழுக்காமலோ, படுத்த நிலையிலோ எடுக்கப்பட்ட படத்தில் இயல்பான இதயமும் பெரிதாகத் தோன்றக்கூடும்.

ஆகவே, அறிக்கை எழுப்புவது ஒரு வினாவையே. நோயாளியின் இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, தேவையெனின் சளிப் பரிசோதனையோ சீ.ரி. ஸ்கானோ செய்வித்த பின்னரே வைத்தியர் விடை கூறுவார். பழைய எக்ஸ்ரே படங்கள் இருப்பின் மறவாது கொண்டு செல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முந்திய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால், அது பெரும்பாலும் பழைய தழும்பே. நியூமோனியாவின் நிழல் காய்ச்சல் மாறிய பின்னரும் சில வாரங்கள் நீடிக்கும். ஆதலால், மீண்டும் படம் எடுக்குமாறு வைத்தியர் கூறினால், ‘சுகமாகிவிட்டதே’ என்று விட்டுவிடலாகாது. மறையாத நிழலுக்கு வேறு காரணம் இருக்கக்கூடும்.

அஞ்சுவதைக் காட்டிலும் ஆபத்தானது, அஞ்சி மறைப்பது. மகளின் திருமணப் பேச்சு நடக்கும் வேளையில் அயலவர் அறிந்தால் என்னாகும் என்று, அறிக்கையை அலுமாரியில் ஒளித்துவைக்கும் தந்தையர் உளர். காசநோய் பாவத்தின் தண்டனையுமன்று, பரம்பரைச் சாபமுமன்று. அது காற்றின் வழி பரவும் கிருமி நோய். எமது நாட்டின் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அதற்கான மருந்து இலவசம். பொதுவாக 6 மாதங்கள் தவறாது உட்கொண்டால் குணமாகும். மறைத்து வைத்தாலோ, அதே இருமல் வீட்டிலுள்ள குழந்தைக்கும் நோயைக் கொடுக்கும். புற்றுநோயாயினும், சிறிதாக இருக்கையில் கண்டறிந்தால் சத்திரசிகிச்சையால் அகற்றும் வாய்ப்பு அதிகம்.

இருமும்போது இரத்தம் வெளியேறினாலோ, மூச்சுத் திணறினாலோ, குறித்த நாள்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இருமல் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், படம் தெளிவாக இருப்பினும் மீண்டும் வைத்தியரைக் காண்பது அவசியம். எல்லா நோயும் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

வைத்தியரிடம் செல்லும்போது நோயாளியைத் தனியே அனுப்பாதீர்கள். இந்த நிழல் எதுவாக இருக்கலாம்? அதனை உறுதிசெய்ய அடுத்து என்ன பரிசோதனை? மீண்டும் எப்போது வரவேண்டும்? இம்மூன்று வினாக்களையும் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். செபம் நமக்குத் துணிவைத் தரும். அந்தத் துணிவோடு அறிக்கையை அலுமாரியிலிருந்து எடுத்து, அவருடன் கூடச் செல்வது நம் கடமை.