ஆகாய கங்கைப் படிகளில்

கொல்லி மலைக்குப் போய் வருகிறவர்கள் அருவியைப் பற்றியும் அறப்பளீசுவரர் கோயிலைப் பற்றியும் எழுதுவது வழக்கம். வல்வில் ஓரியைப் பற்றி நாலு வரி சேர்க்காமலும் விடமாட்டார்கள். நானோ அங்கே என் சரீரத்துக்குள் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லப் போகிறேன். நீரிழிவுக்காரர் ஒருவராவது இல்லாத குடும்பம் இந்நாளில் அபூர்வம் ஆகையால், வாசகர்களுக்கு இது அந்நிய விஷயமாய் இராது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டில் போய்த் தங்கினோம். மறுநாள் காலை வழக்கம்போல் இன்ஸுலின் ஊசி போட்டுக்கொண்டேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டே இட்டிலிதான் சாப்பிட்டேன். ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கு மேல். இறங்குவதில் சிரமமில்லை. நீராடிவிட்டு ஏறும்போது படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். முந்நூற்று நாற்பதுக்குப் பிறகு இருநூற்று எண்பது என்றேனாம்! என் பையன் சிரித்தான். வாத்தியாருக்கு எண்ணிக்கை தவறினால் பையன் சிரிக்கத்தானே செய்வான்? ஆனால் அடுத்த நிமிஷமே கைகால்கள் நடுங்கின, வியர்வை கொட்டியது, கண்கள் இருண்டன.

மலைவாழைப் பழக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு ஓர் அம்மாள் எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தாள். "என்னங்க சார், இப்படி வேர்த்து ஊத்துது? உக்காருங்க முதல்ல" என்று கூடையை இறக்கி வைத்து, விற்பதற்கு வைத்திருந்த தேன் புட்டியைத் திறந்து என் உள்ளங்கையில் ஊற்றினாள். பையன் என் விரலில் குத்திப் பார்த்தான். சர்க்கரை 48. கால் மணி கழித்து 86.

நம் ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளூகோஸ் சுமார் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டியளவு. அதைக் கொண்டுதான் மூளை நிமிஷத்துக்கு நிமிஷம் காலக்ஷேபம் செய்கிறது. அந்தத் தேக்கரண்டி என்னிடம் பாதியாகிவிட்டது. எங்கே போயிற்று? தொடைத் தசைக்குத்தான்.

தசையின் உயிரணுவுக்குள் குளூகோஸ் தானாகப் புக முடியாது. குளூட்-4 என்னும் கதவுகள் வேண்டும். ஓய்வு வேளையில் அவற்றில் பெரும்பாலானவை அணுவின் உள்ளேயே ஒதுங்கிக் கிடக்கின்றன. இன்ஸுலின் உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று தட்டுகிறது. வாசலிலுள்ள ஏற்பியே ஒரு நொதி. தட்டியதும் அது பாஸ்பேட் என்னும் சிறு முத்திரையைத் தன்மீதும் அடுத்த புரதத்தின்மீதும் ஒட்டுகிறது. தலைமையாசிரியரின் சுற்றறிக்கை வகுப்பு வகுப்பாகப் போவதுபோல் செய்தி நொதிக்கு நொதி கைமாறி, 'ஆக்ட்' என்ற நொதியை எட்டுகிறது. கதவுகளைப் பிடித்து வைத்திருக்கும் தடைப் புரதத்தின்மீது ஆக்ட் முத்திரை குத்தியவுடன் தடை தளர்ந்து, கதவுகள் அணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன.

இந்த முத்திரைகளைக் கொடுத்துதவுவது ஏ.டி.பி. என்னும் பொருள். 1929-ஆம் ஆண்டில் ஹார்வர்டில் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து அதைக் கண்டவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த நம் யெல்லாப்பிரகட சுப்பாராவ். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டார். பாஸ்பேட்டை ஒட்டுவதாலும் கழற்றுவதாலும் ஒரு நொதியை முடுக்கவும் அடக்கவும் முடியும் என்று 1950-களில் சியாட்டில் நகரில் காட்டிய பிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுப்பாராவுக்குப் பரிசும் இல்லை; அவர் பிறந்த நாட்டில் அவர் பெயரை அறிந்தவர்களும் சொற்பமே.

படியேறும்போது தசையில் இதே ஏ.டி.பி. செலவாகிறது. செலவானதற்கு அடையாளமாக ஏ.எம்.பி. என்னும் பொருள் மிகுகிறது. அதைக் கண்டு விழித்துக்கொள்ளும் ஒரு நொதிக்கு ஏ.எம்.பி.கே. என்று பெயர். அதுவும் வேறு சில நொதிகளும் சேர்ந்து, இன்ஸுலினைக் கேளாமலே அதே தடையைத் தளர்த்துகின்றன. அன்று காலை நான் இரண்டு சாவிகளையும் ஒரே சமயத்தில் திருப்பிவிட்டேன்!

அப்படியானால், கூடையைச் சுமந்து ஏறிய அந்த அம்மாளுக்கு ஏன் மயக்கம் வரவில்லை? உழைக்கத் தொடங்கியதும் அவளுடைய கணையம் இன்ஸுலினைத் தானே குறைத்துக்கொள்கிறது. குளூக்ககானை அதிகமாய் அனுப்புகிறது. கல்லீரலில் அதற்கென்று வேறொரு நொதி வரிசை முத்திரை குத்திக்கொண்டு போய், சேமித்து வைத்த கிளைகோஜனை உடைத்து, தசை எடுத்துக்கொண்ட குளூகோஸை ரத்தத்துக்கு ஈடுசெய்கிறது. ஊசியில் ஏற்றிய இன்ஸுலினையோ திரும்ப அழைக்க வழியில்லை. அது தசையின் கதவைத் திறந்து வைத்ததோடு கல்லீரலின் களஞ்சியத்தையும் பூட்டி வைத்திருந்தது. நடுக்கமும் வியர்வையும் அட்ரீனலின் அடித்த அபாய மணி.

ஊர் டாக்டருடன் தொலைபேசியில் பேசினேன். மலையேறும் நாளில் ஊசியின் அளவைக் குறைப்பது பற்றித் தம்மை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று கண்டித்தார். உழைத்த தசைகள் தங்கள் இருப்பை நிரப்பிக்கொள்ளப் பல மணி நேரம் குளூகோஸை இழுக்குமாதலால், இரவிலும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். இரண்டு மணிக்கு என் மனைவி எழுப்பி விரலில் குத்தினாள். 66. அம்மாளிடம் விலை கொடுத்து வாங்கி வந்திருந்த புட்டியில் தேன் இன்னும் மீதி இருந்தது.